கடல் ஏன் நீலம் எனக் கேட்ட தமிழர்



நம் பள்ளி மாணவன் ஒருவன், வகுப்பில் நாம் காட்டிய சோதனை ஒன்றைத் தன் இல்லத்திலும் செய்து பார்க்க விரும்பினான். தம்பிக்கென்று வைத்திருந்த பாலை எடுத்துக் குவளைத் தண்ணீரில் ஊற்றிவிட்டான். ஒரு சொட்டுப் போதும் என்று நாம் சொல்லியிருந்தோம். அவன் ஊற்றியதோ அரைக் குவளை. மறுநாட்காலை அவனுடைய தாயார், வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கு வந்து, அடுப்பங்கரை சமைப்பதற்குரிய இடமா, பிள்ளைகள் விளையாடுவதற்குரிய இடமா என்று கேட்டார். விஞ்ஞானம் என்பது பட்டணத்துப் பெரிய பள்ளிகளில், கண்ணாடிக் குழாய்களும் நீல நெருப்பும் உள்ள கூடங்களில் படிப்பதல்லவா, லயத்து வீட்டில் அதற்கென்ன வேலை என்றும் கேட்டார். பால் விலை அறிந்த தாயின் கோபம் நியாயமானதே. அன்று நாம் தலையசைத்து, பையனைக் கண்டிப்பதாகக் கூறி அனுப்பிவிட்டோம். அவருடைய இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை கூறவில்லை. இவ்வாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வரலாற்றை எழுத முனைந்தபோது அக்கேள்வியே நம் நினைவுக்கு வந்தது. ஆகவே சர் சி. வி. இராமன் அவர்களின் வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். எட்டு மக்களுள் இவர் இரண்டாமவர். மகன் பிறந்த காலத்தில் தந்தையார் பள்ளி ஆசிரியர். மாதச் சம்பளம் பத்து ரூபாய். இக்கணக்கைப் பிற்காலத்தில் இராமனே சொல்லிச் சிரிப்பதுண்டு. பின்னர் தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் பணியை ஏற்றுக் குடும்பத்தோடு அங்கே சென்றார். விசாகப்பட்டினம் கடற்கரைப் பட்டினம். வீட்டிலோ பணம் குறைவு, புத்தகங்கள் நிறைவு. தந்தையார் வயலினும் வாசிப்பார். கடலும் புத்தகமும் வயலினும் ஆகிய மூன்றும் அச்சிறுவனின் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தன என்பதைப் பின்னால் காண்போம்.

உடல் மெலிந்த அச்சிறுவன் பதினொன்றாம் வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினான். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904ஆம் ஆண்டு பி.ஏ. பட்டமும், 1907ஆம் ஆண்டு எம்.ஏ. பட்டமும் முதன்மையாகத் தேறிப் பெற்றார். இவற்றினும் நம்மைக் கவர்வது வேறொன்று. 1906ஆம் ஆண்டு, பதினெட்டே வயது நிறைந்த நிலையில், ஒளி குறுகிய திறப்பின் வழியே செல்லும்போது எவ்வாறு வளைகிறது என்பது பற்றி அவர் தாமாகவே ஆராய்ந்து எழுதிய கட்டுரை இலண்டனில் வெளியாகும் ஓர் ஆய்வு ஏட்டில் அச்சாயிற்று. கல்லூரியில் வழக்கமாக நடக்கும் செய்முறையைச் செய்துகொண்டிருந்தபோது, பாடத்தில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டது. அதனை விடாது பற்றிக்கொண்டார். அவ்வளவே.

அக்காலத்தில் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்வதே வழி. ஆனால் சென்னை அரசாங்க மருத்துவர் அவருடைய உடலைச் சோதித்து, அந்நாட்டுக் குளிரை இவ்வுடல் தாங்காது என்று கூறிவிட்டார். விஞ்ஞானியாக வேலை தருவார் இந்தியாவில் அன்று எவருமிலர். ஆகவே அரசாங்க நிதித்துறைத் தேர்வை எழுதி, அதில் முதலாவதாகத் தேறினார். அதே 1907ஆம் ஆண்டு வீணை வாசிப்பதில் வல்லவரான உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தா நகரில் உதவிக் கணக்காய்வுத் தலைவராகப் பதவி ஏற்றார். நல்ல சம்பளம், மதிப்பு, வசதி யாவும் கிட்டின. பெற்றோர் பலர் தம் பிள்ளைக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்றுதான் எண்ணுவர். இராமன் வரலாறு இங்கேயே முடிந்திருக்கவும் கூடும்.

ஒருநாள் டிராம் வண்டியில் செல்லும்போது, பௌபஜார் தெருவில் ஒரு கட்டடத்தின் மேல் இருந்த பலகை அவர் கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்பது அதன் பெயர். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவப் பெருமகனார் 1876ஆம் ஆண்டு பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி நிறுவிய கழகம் அது. கருவிகள் இருந்தன, கூடம் இருந்தது; ஆய்வு செய்வார்தாம் இலர். இராமன் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் தே என்னும் பணியாளர். அன்று முதல் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் இராமனின் வலக்கையாக விளங்கினார். கல்லூரி வாசலை மிதியாத அவ்வன்பர், உடனிருந்து கற்ற அறிவினாலேயே தாமும் ஆய்வுக் கட்டுரை எழுதும் நிலைக்கு உயர்ந்தார் என்பதை நம் தோட்டத்துப் பெரியவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும் என விரும்புகிறோம்.

அதன்பின் அவருடைய நாள் இவ்வாறு கழிந்தது: விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கழகம், பத்து மணிக்குமுன் வீடு திரும்பிக் குளித்து உண்டு அலுவலகம், மாலையில் அலுவலகத்திலிருந்து நேரே மீண்டும் கழகம், இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழகம். இருள் பிரியாமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டச் செல்லும் நம் மக்களுக்கு அத்தகைய நாளின் களைப்பைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இடையில் 1909ஆம் ஆண்டு இரங்கூனுக்கும், அடுத்து நாகபுரிக்கும் மாற்றப்பட்டார். 1911ஆம் ஆண்டு கல்கத்தா மீண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

முதற் பல ஆண்டுகள் அவர் ஆராய்ந்தது நம் வீட்டுப் பொருள்களையே. தந்தையாரின் வயலின், மனைவியாரின் வீணை, தம்புரா, மிருதங்கம், தபேலா ஆகியவை ஏன் இனிமையாக ஒலிக்கின்றன என்று கேட்டார். மிருதங்கம் பற்றிய அவருடைய முடிவைச் சற்று விரிவாகச் சொல்வோம். கோயில் திருவிழாவில் மேளம் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தோலை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் ஒலிகள் பலவாகும். அவை ஒன்றோடொன்று சுருதி சேர்வதில்லை. ஆகவே சாதாரண முரசின் ஒலி வெறும் அதிர்ச்சியாகவே கேட்கும். மிருதங்கத்தின் வலப்புறத் தோலின் நடுவே கருமையாக ஒரு வட்டம் இருக்கக் காண்கிறோம். சோற்றையும் ஒருவகைக் கல்லின் பொடியையும் பிசைந்து, மெல்லிய படலங்களாகப் பல முறை தேய்த்துச் செய்தது அது. அந்தக் கனத்தினால் தோலின் அதிர்வுகள் ஒழுங்குபட்டு, கம்பி வாத்தியங்களைப்போல் ஒன்றுக்கு இரண்டு, மூன்று என்ற முறையில் அமைகின்றன. இதனை இராமன் 1920ஆம் ஆண்டு தம் மாணவர் ஒருவரோடு சேர்ந்து உலகுக்கு எடுத்துரைத்தார். பெயர் அறியாத நம் முன்னோர் செவியால் கண்டதை அவர் கணக்கால் காட்டினார் எனலாம்.

இடப்புறத்தில் வாசிப்பவர் கச்சேரிக்குமுன் ரவையைத் தண்ணீரில் குழைத்து அப்புவதையும் பார்த்திருப்பீர்கள். அதை நம் வீட்டிலேயே சோதிக்கலாம். வெறும் பால்மாவு டின் ஒன்றின் வாயில் பலூன் தோலை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். விரலால் தட்டிக் கேளுங்கள். பிறகு சப்பாத்தி மாவில் சுண்டைக்காய் அளவு எடுத்துத் தோலின் நடுவில் ஒட்டி மீண்டும் தட்டுங்கள். ஒலி தாழ்ந்து ஒலிக்கும். அதே டின்னின் குறுக்கே ரப்பர் வளையங்கள் இரண்டை மாட்டினால், தடித்த வளையம் தாழ்ந்தும் மெலிந்த வளையம் உயர்ந்தும் ஒலிப்பதைக் கேட்கலாம். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ரப்பரினாலேயே ஒரு வாத்தியம்!

1917ஆம் ஆண்டு அவருடைய வாழ்வின் பெருந்திருப்பம் நேர்ந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆசுதோஷ் முகர்ஜி, புதிதாக ஏற்பட்ட பௌதிகப் பேராசிரியர் பதவியை ஏற்குமாறு இராமனை அழைத்தார். நிதித்துறையில் பெற்ற சம்பளத்தில் ஏறக்குறைய பாதியே இங்குக் கிடைக்கும். நிதித்துறையில் நீடித்தால் இன்னும் உயர்ந்த பதவிகள் காத்திருந்தன. வெளிநாட்டில் பயிற்சி பெற்றவரே அப்பதவிக்கு வரவேண்டும் என்றொரு விதி இருந்தது. அதற்காகத் தாம் வெளிநாடு செல்வதில்லை என்று இராமன் உறுதியாகக் கூறிவிடவே, விதியைத் தளர்த்தினர். பாதிச் சம்பளத்துக்கு வேலை மாறும் மகனை எந்தத் தாய் தந்தையர் வாழ்த்துவர் என்று நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தந்தையார் அதற்குள் காலமாகிவிட்டார். மனைவியார் உடன்பட்டார். அந்த அம்மையாரின் உள்ளத்தைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை, பேசியிருக்க வேண்டும்.

1921ஆம் ஆண்டு கோடையில், பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்காக இராமன் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். செப்டம்பரில் நர்குண்டா என்ற கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பிடித்து நிறுத்தியது. கடல் நீலமாக இருப்பது வானத்தின் நீலம் அதில் பிரதிபலிப்பதனால்தான் என்று ரேலி பிரபு என்னும் பேரறிஞர் முன்னரே விளக்கியிருந்தார். உலகம் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. மற்றப் பயணிகள் கடலை இரசித்துவிட்டு உணவுக்கூடம் சென்றனர். இராமன் சட்டைப் பையிலிருந்து சிறு படிகக் கருவி ஒன்றை எடுத்தார். நிக்கல் பட்டகம் என்பது அதன் பெயர். அதைத் தக்க கோணத்தில் பிடித்து நோக்கினால், நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வான்ஒளி மறைந்துவிடும். வான்ஒளி மறைந்தது, நீலம் மறையவில்லை, முன்னினும் அழகாகத் தோன்றிற்று. அப்படியானால் நீலம் நீருக்குள்ளிருந்தே வருகிறது! கப்பலிலேயே கட்டுரை எழுதி, பம்பாய்த் துறைமுகத்திலிருந்து அஞ்சலில் அனுப்பினார்.

இவ்விடத்தில்தான் நம் மாணவன் வீணாக்கிய பாலுக்கு வருகிறோம். உயரமான கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீரை நிரப்புங்கள். அறையை இருட்டாக்கிக் குவளையின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் செலுத்துங்கள். ஒளி செல்லும் பாதை கண்ணுக்குத் தெரியாது. இப்போது ஒரே ஒரு சொட்டுப் பாலை விட்டுக் கலக்குங்கள். குவளையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: இலேசான நீலம் படர்ந்திருக்கும். விளக்குக்கு நேர் எதிரே வந்து குவளையின் ஊடே பாருங்கள்: விளக்கு மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும். பாலிலுள்ள நுண்துகள்கள் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் சிதறச் செய்வதே காரணம். பகலில் வானம் நீலமாகவும், மாலையில் செம்பனை மரங்களுக்குப் பின்னால் இறங்கும் சூரியன் சிவப்பாகவும் தோன்றுவது இதே முறையால்தான்; அங்கே காற்றின் மூலக்கூறுகளே அவ்வேலையைச் செய்கின்றன. பால் அதிகமானால் ஒளி பன்முறை சிதறி, எல்லா நிறமும் கலந்து வெண்மையாகிவிடும். அரைக் குவளைப் பாலை ஊற்றியவன் நீலத்தைக் காணாமற் போனதும் அதனால்தான். மங்கில் சொட்டும் ரப்பர்ப் பால் வெண்மையாக இருப்பதும் இக்காரணமே பற்றி. தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. அப்பாலில் அமிலம் விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதும், மாட்டுப் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரிவதும் ஏறக்குறைய ஒரே வகையைச் சார்ந்த நிகழ்ச்சிகள்.

உண்மையை மறைக்காமல் ஒன்று சொல்லவேண்டும். கடல் நீலத்தைப் பற்றிய இராமனின் விளக்கம் முழுமையானதன்று. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்பது உண்மையே. ஆயினும் தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுகிறது என்பதே கடல் நீலத்துக்கு முதன்மையான காரணம் என்று இன்று அறிகிறோம். போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் சென்றுவந்த பிள்ளைகள், நம் கடல் அவ்வளவு நீலமாக இல்லையே என்று கேட்பதுண்டு. கரையோர நீரில் கலந்த மண்ணும் நுண்ணுயிர்களும் அதனைப் பச்சையாகவோ கலங்கலாகவோ காட்டுகின்றன. இப்படிக் கேட்கும் பிள்ளையை நாம் ஒருபோதும் வாயை மூடு என்று சொல்லலாகாது.

இராமன் கல்கத்தாவில் இவ்வாறு ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், நெகிரி செம்பிலானும் உள்ளிட்ட மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றாயிற்று. நம் மாநிலத்துத் தோட்டப் பள்ளிகள் பல அவ்வழியே தோன்றியவை. அப்பள்ளிகளில் எழுத்தும் எண்ணும் கற்றதே பெரிது. விஞ்ஞானத்தை நினைத்தவர் யார்? நம் பாட்டனாரும் பாட்டியாரும் இராமன் பெயரைக் கேட்டதே அவர் நோபல் பரிசு பெற்ற பிறகுதான்.

அப்பரிசு பெற்றுத் தந்த ஆராய்ச்சி, கடல் நீலத்தின் தொடர்ச்சியே ஆகும். ஒளி நீரில் சிதறுகிறதெனில், மற்றத் திரவங்களில் எவ்வாறு சிதறும் என்று அவரும் அவர் மாணவர்களும் ஆண்டுக்கணக்காகப் பார்த்தனர். தமிழகத்தின் வத்திராயிருப்பு ஊரினரான கே. எஸ். கிருஷ்ணன் அவருக்கு உறுதுணை. சூரிய ஒளியைக் கண்ணாடி வில்லையால் குவித்து, ஊதா நிற வடிகட்டி ஒன்றின் வழியே செலுத்தித் திரவத்தில் விழச் செய்தனர். சிதறிவரும் ஒளியும் ஊதாவாகவே இருத்தல் வேண்டும். அவ்வூதாவைத் தடுக்கும் பச்சை வடிகட்டியைக் குறுக்கே வைத்தால் இருட்டே தெரியவேண்டும். ஆனால் இருட்டவில்லை, மங்கிய பச்சை ஒளி தெரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட திரவங்களில் பார்த்தும் அது தெரிந்தது. 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், பாதரச விளக்கைக்கொண்டு நோக்கியபோது, புதிய ஒளிக்கோடுகள் ஐயமறத் தோன்றின.

இதன் பொருள் என்ன? பால் வாளியைத் தலைச்சுமையாகச் சுமந்து வருபவர் வழியில் கல்லில் இடறினால் சிறிது பால் சிந்துமன்றோ? வாளி வந்து சேரும், எடை குறைந்திருக்கும். அதுபோல ஒளியின் மிகச் சிறு பகுதி, மூலக்கூறோடு மோதும்போது தன் ஆற்றலில் சிறிதை அதற்குக் கொடுத்துவிட்டு வருகிறது. ஆற்றல் குறைந்தால் நிறம் மாறும். எவ்வளவு குறைந்தது என்று அளந்தால், மோதியது எந்த மூலக்கூறு என்று அறியலாம். இன்று மருந்துப் புட்டியைத் திறவாமலே உள்ளிருப்பது உண்மை மருந்தா போலியா என்றும், மோதிரத்துக் கல் வைரமா கண்ணாடியா என்றும் காண இந்த இராமன் விளைவே பயன்படுகிறது. இத்தனைக்கும் அன்று பயன்பட்ட கருவிகளின் விலை ஏறக்குறைய இருநூறு ரூபாய் என்பர். முக்கியமான கருவி கண்ணே. அதே நாட்களில் மாஸ்கோ நகரில் உருசிய அறிஞர் இருவரும் படிகங்களில் இதையே கண்டிருந்தனர். இராமன் உடனுக்குடன் வெளியிட்டமையால் உலகம் முதலில் அவரிடமிருந்து அறிந்தது. 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கு வந்தது. விஞ்ஞானத்தில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. கிருஷ்ணனுக்கும் அதில் பங்கு கிடைத்திருக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. நாமும் அவ்வெண்ணம் உடையோம்.

1933ஆம் ஆண்டு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவரானார். அப்பதவியை வகித்த முதல் இந்தியர் அவர். இனி எழுதப்போவதைப் புகழ்மாலையில் சேர்க்க முடியாது. ஆயினும் நம் பள்ளியில் சரிபாதி பெண் பிள்ளைகள் படிப்பதனால் விட்டுவிடவும் முடியாது. கமலா பாகவத் என்ற இளம்பெண், பம்பாயில் உயர்ந்த மதிப்பெண் பெற்று, அங்கு ஆய்வு மாணவியாகச் சேர விண்ணப்பித்தார். பெண் என்ற காரணத்துக்காக இராமன் மறுத்தார். அப்பெண் பெங்களூருக்கே நேரில் சென்று, இடம் தரும்வரை போவதில்லை என்று நின்றார். ஈற்றில், ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களை, அதாவது அடுப்பங்கரைப் பொருள்களையே, அவர் ஆராய்ந்தார். ஓராண்டு முடிவில் இராமன் தம் தவற்றை உணர்ந்து கழகத்தின் கதவைப் பெண்களுக்குத் திறந்தார். கமலா பின்னர் 1939ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். மணம் புரிந்து கமலா சொஹோனி ஆனார். ஏழைக் குழந்தைகளுக்குப் பதநீர் போன்ற நீராவினால் வரும் ஊட்டத்தை ஆராய்ந்து பரிசு பெற்றார். பிற்காலத்தில் அன்னா மணி முதலிய பெண்கள் இராமனின் கூடத்திலேயே வைரங்களை ஆராய்ந்தனர். அறிவிற் பெரியாரும் ஒரு செய்தியில் குருடராக இருத்தல் கூடும். அவரைத் திருத்தியது ஒரு பெண்ணின் பிடிவாதம்.

இதை எழுதும்போது வேறொரு பெண்மணியும் நினைவுக்கு வருகிறார். ஜெர்மனி நாட்டில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்பவர், பெண்களைப் பல்கலைக்கழகம் சேர்க்காத காலத்தில், வீட்டிலிருந்து பெற்றோரைப் பேணியும் சமைத்தும் பாத்திரம் துலக்கியும் வாழ்ந்தார். அழுக்கு நீரின் மேல் எண்ணெயும் சோப்பும் படரும் விதத்தைக் கவனித்து, தகரத் தட்டொன்றில் தண்ணீரின் மேற்பரப்பு விசையை அளக்கும் கருவியைத் தாமே செய்தார். 1891ஆம் ஆண்டு, முன்னே கூறிய அதே ரேலி பிரபுவுக்குத் தம் முடிவுகளை எழுதியனுப்பினார். அப்பெருமகன் அதை மதித்து, பெயர்பெற்ற ஆய்வு ஏட்டில் வெளியிடச் செய்தார். தட்டில் தண்ணீர் விட்டு மிளகுத்தூளைத் தூவி, சோப்புத் தொட்ட விரலை நடுவில் வையுங்கள். தூள் கரைக்கு ஓடும். பாத்திரம் துலக்கும் தொட்டியடியில் தொடங்கிய விஞ்ஞானம் அது.

1937ஆம் ஆண்டு, நிருவாகத்தாரோடு ஏற்பட்ட பிணக்கினால் இராமன் தலைமைப் பதவியைத் துறந்து பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். விட்டுக்கொடுக்கும் குணம் அவரிடம் குறைவு. 1948ஆம் ஆண்டு, மைசூர் மன்னர் அளித்த நிலத்தில் தம் பெயரால் ஆய்வுக்கழகம் ஒன்றை நிறுவினார். அதற்குப் பணம் திரட்ட ஊர் ஊராக அலைந்தார். தீப்பெட்டித் தொழிலுக்கு வேண்டிய இரசாயனம் செய்யும் ஆலையொன்றை 1943ஆம் ஆண்டிலேயே கூட்டாகத் தொடங்கியிருந்தார். அரசாங்கப் பணம் வந்தால் அரசாங்கத்தின் சொல்லும் வரும் என்று கருதி அதனை ஏற்காதிருந்தார். 1954ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது.

முதுமையில் அவர் ரோஜாத் தோட்டம் வளர்த்தார். சிப்பிகள், பறவை இறகுகள், வண்ணத்துப்பூச்சிகள், ஒளிவிடும் கற்கள் ஆகியவற்றைத் திரட்டிக் கண்காட்சி அமைத்து, பள்ளிப் பிள்ளைகள் வந்தால் தாமே முன்நின்று காட்டுவார். பூக்களின் நிறத்தையும், கண் நிறத்தை உணரும் விதத்தையும் ஆராய்ந்து 1968ஆம் ஆண்டு பெருநூலொன்று வெளியிட்டார். நம் வேலியோரத்துச் சங்குப்பூவை அவர் கண்டிருந்தால் விட்டிருக்கமாட்டார் என்பது நம் எண்ணம். மலாய்ச் சகோதரர்கள் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் நீலம் ஏற்றும் பூ அது. சுடுநீரில் ஊறவைத்த நீலச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். அதுவே நம் ஆரத்தி. அதில் எலுமிச்சை பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். வெள்ளைப் பள்ளிச் சட்டையில் பட்ட குழம்புக் கறை சோப்புப் போட்டதும் ஏன் சிவக்கிறது என்று தாய்மார் அறிந்துகொள்ளலாம்: சோப்பும் சுண்ணாம்பைப் போலக் காரத்தன்மை உடையது.

1968ஆம் ஆண்டு டிசம்பரில், எண்பது வயதில், அகமதாபாத் நகரில் விக்ரம் சாராபாய் தொடங்கிய சமுதாய விஞ்ஞான நிலையத்துக்கு அடிக்கல் நாட்ட வந்த இராமன், கூடியிருந்தோரிடம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பது. நோபல் பரிசைப் பற்றியன்று. 1970ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், தம் கழகத்தில் ஆண்டுதோறும் நிகழ்த்தும் காந்தி நினைவுப் பேருரையில் செவியைப் பற்றிப் பேசினார். அம்மாத இறுதியில் ஆய்வுக்கூடத்திலேயே மயங்கி விழுந்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பித் தம் தோட்டத்தினிடையே இருக்க விரும்பினார். நவம்பர் 21ஆம் நாள் உயிர் நீத்தார். கழகத் தோட்டத்திலேயே அவருடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் ஒரு மரம் நிற்கிறது. பிப்ரவரி 28ஆம் நாளை இந்தியா 1987ஆம் ஆண்டு முதல் தேசிய விஞ்ஞான நாளாகக் கொண்டாடி வருகிறது.

இல்லத்தில் இச்சோதனைகளைச் செய்து பார்க்க விரும்பும் மாணவர்க்குச் சில சொற்கள். அம்மாவைக் கேட்டே எதையும் எடுக்கவேண்டும். பால் ஒரு சொட்டே போதும். ஊதுகுழலின் நுனியால் தொட்டு விட்டால் அளவு மிகாது. சுண்ணாம்பைப் பெரியவர் உடனிருக்கும்போது மட்டும் கையாளுங்கள், கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். ரப்பர்ப் பாலுக்கு ஊற்றும் அமிலத்தை எக்காரணத்தைக் கொண்டும் தொடலாகாது. மாலைச் சூரியன் சிவந்திருந்தாலும் அதனை நேரே உற்று நோக்க வேண்டாம். கண்டதைத் தேதியிட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எதிர்பார்த்தது நடக்காவிடின் அதையும் எழுதுங்கள்.